லச்சிக்கு வந்த இழுப்பு

தண்ணித்தொட்டித் தெரு முதன்முதலாகச் சாய்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சடச்சியக்கா இரண்டாவது ஈடு இட்லியை அடுப்பிலிருந்து இறக்குகிற நேரத்தில். அதற்கு நாலைந்து மாதம் முன்னாலிருந்தே நாகஜோதியின் வீடு மட்டும் தனியாகச் சாய்ந்துகொண்டுதான் இருந்தது, அவளும் அதை மறைக்கவில்லை, பிள்ளைக்கு வெறி வந்தா அண்டாவும் குண்டாவும் அவளப் பாத்து உருண்டு போகுதுக்கா என்று குழாயடியில் அழுதாள், ஆனால் தெரு அதற்கு என்ன சொல்லும், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை சடச்சியக்காவின் இட்லி முப்பதும் தட்டோடு வாசற்படி தாண்டி, சாக்கடைப் பாலம் தாண்டி, பதினோரு வீடு தாண்டிச் சறுக்கிக்கொண்டு போய் நாகஜோதியின் மகள் காலடியில் நின்றபோதுதான் தெரு நம்பியது. தன் வீட்டு இட்லி சறுக்கினால்தான் அடுத்த வீட்டு அண்டா உருண்டதை நம்புவோம், நாம் அப்படித்தான்.

மகளின் பெயர் பள்ளிக்கூடத்தில் லக்ஷிதா, தெருவில் லச்சி, வயது ஆறு. அவளுக்கு ஒரு தம்பி, முகிலன், எட்டு மாதக் கைக்குழந்தை. அப்பா வீரணன் கொத்தனார், திண்டுக்கல் பக்கம் நாலு ஊரில் பேர் சொல்லும் வேலைக்காரன். லச்சி சும்மா இருக்கிற நேரத்தில் அவளைப் போல ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது, ஒரு தகர டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு தரையில் வரிசை வரிசையாக அடுக்குவாள், நூல் பிடித்த மாதிரி இருக்கும், வீரணனே நின்று பார்ப்பான். ஆனால் குக்கர் கத்தினால், சாப்பிடுகிற தட்டு மாறினால், சட்டையில் தைத்த சீட்டு கழுத்தில் உரசினால், சில நாள் ஒன்றுமே நடக்காமல் கூட, அவளுக்கு அது வந்துவிடும், வந்தால் கடிப்பாள், கிழிப்பாள், கையில் கிடைத்ததை வீசுவாள், வாயைத் திறந்து தொண்டைக்குழி தெரிய அலறுவாள், அலறும்போது அவள் நிற்கிற இடம் பள்ளமாகும், மற்ற எல்லா இடமும் மேடாகும், மேட்டில் இருப்பது எல்லாம் பள்ளத்துக்கு வரும். மூன்று பள்ளிக்கூடங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டன.

தெரு அதற்கு இழுப்பு என்று பெயர் வைத்தது. தெருவாக இட்டுக்கட்டியது இல்லை, பிள்ளை வாயிலிருந்து வந்ததுதான், அலறுகிறபோது இழுகுது, இழுகுது என்று அவள் கத்துவது தண்ணீர்த் தொட்டி வரை கேட்கும். அவளேதான் சொல்றாளே இழுக்குதுன்னு, எல்லாத்தையும் பிள்ளதான் இழுக்குது என்று தெருவுக்கு விளங்கிவிட்டது. இழுப்பு என்று பெயர் வைத்த பிறகு அதற்கு வைத்தியமும் தெரியாமலா இருக்கும், கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தவனுக்கு நம் பக்கம் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள், கையில் இரும்பைக் கொடுத்தார்கள். கிட்டப் போய்க் கொடுக்க யாருக்குத் தைரியம், அவரவர் தூணையும் கம்பத்தையும் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே பூட்டுச்சாவியை விட்டெறிந்தார்கள், சாவிகள் சரிவில் சரசரவென்று போய் லச்சியின் மேல் விழுந்தன. இரும்பு பட்டால் அடங்கிவிடும் என்று சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்.

அப்புறம் தெரு பழகிக்கொண்டது. சந்தையில் பிரிமணை விற்கிறவள் நம் தெருவுக்கென்றே தனியாக ஒரு கட்டு கொண்டுவந்தாள், ஒரு குடமும் பானையும் பிரிமணை இல்லாமல் தரையில் உட்காரவில்லை. காய்கறி வண்டிக்காரர் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் கத்தரிக்காய் நிறுக்க மாட்டார். வீட்டுக்கு வீடு சுவரில் கொக்கி அடித்து, கயிறு தொங்கவிட்டு, பீரோவையும் ஃபிரிட்ஜையும் கட்டிவைத்தார்கள், கயிறு மிச்சமிருந்தால் மாமியாரையும் கட்டிவைக்கலாம் என்று மருமகள்கள் சிரித்துக்கொண்டார்கள். தெருச் சங்கத் தலைவர் அழகுமலை முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மலைப்பாதை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால், தெரு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் மட்டும் நட்டுவைத்த மாதிரி நிற்பார். காலை அகட்டு, முட்டியைத் தளர்த்து, எடையைக் குதிகாலில் போடு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், ஒரு விசில் அடித்தால் எல்லாரும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு விசில் அடித்தால் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். தாலுகா ஆபீஸிலிருந்து அளக்க வந்தவர்கள் லச்சி தூங்கும்போது வந்து, மூன்று கால் வைத்த கருவியை நட்டு அளந்து, சரிவு ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சடச்சியக்கா கடையில் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு சாய்வுக்கும் பிறகு நாகஜோதிக்கு ஒரு வேலை இருந்தது. மகளைச் சுற்றி ஒரு குவியல் கிடக்கும், கரண்டி, செருப்பு, வெங்காயம், பல் செட், ஸ்கூட்டர் ஹெல்மெட், சாவிகள், அவள் முகிலனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவற்றைப் பொறுக்கி வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். மன்னிச்சுக்கங்கக்கா, மன்னிச்சுக்கங்கண்ணே என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவள் வாயில் தேய்ந்துபோனது. வாங்கிக்கொள்கிறவர்கள் கோபப்படுவதுகூட இல்லை, உச்சுக்கொட்டுவார்கள், அதுதான் அவளுக்குத் தாங்காது. வீட்டுக்கு வந்து மகளைக் குளிப்பாட்டினால் நெற்றியிலும் முழங்கையிலும் கன்றிப்போய் இருக்கும், தன்னைத்தானே சுவரில் முட்டிக்கொள்கிறாள் என்று நினைத்து மஞ்சள் பூசுவாள்.

டாக்டர்களையும் விடவில்லை. உள்ளூர் டாக்டர் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க என்றார். திண்டுக்கல்லில் ஒருவர் நாலு ஆங்கில எழுத்தை எழுதினார். மதுரையில் ஒரு அம்மா நாலு நாள் வரச்சொல்லி, கட்டையை அடுக்கவிட்டு, படம் காட்டி, கேள்வி கேட்டு, அந்த நாலு எழுத்தை அடித்துவிட்டு வேறு மூன்று எழுத்து எழுதினார், அவரே அடுத்த மாதம் இரண்டுமாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்றார். நாகஜோதி எட்டாவது வரை படித்தவள், அவளுக்கு அந்த எழுத்துகள் விளங்காது, எல்லா டாக்டரும் நோயின் பெயருக்கு முன்னால் போட்டிருந்த கேள்விக்குறி மட்டும் விளங்கியது. பெயர் மாறியது, மாத்திரை மாறியது, கேள்விக்குறி மாறவில்லை. தெரு சாயுதும்மா என்று அவள் சொன்னபோது அந்த அம்மா பேனாவை நிறுத்தி அவளையே பார்த்துவிட்டு, தாய்க்கு ஓய்வு தேவை என்று தமிழில் எழுதினார்.

வீரணன் டாக்டர்களை நம்பவில்லை. பெண்டாட்டியையும் நம்பவில்லை. ரசமட்டத்தை நம்பினான். கொத்தனார் தன் வீட்டைத் தானே கட்டினால் எங்காவது ஒரு மூலையில் அவசரப்பட்டிருப்பான், எங்கேயோ மட்டம் தவறியிருக்கு ஜோதி என்று சொல்லித் தரையைப் பெயர்த்தான். பெயர்த்துக் கெட்டித்து, மணல் பரப்பி, மறுபடி சிமெண்டுப் பால் ஊற்றி, ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும், அவன் முகம் மலரும், நாலாவது நாள் குக்கர் கத்தும், குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் முட்டிக்கொண்டு நிற்கும். மூன்று தடவை தரையைப் பெயர்த்தான். மூன்றாவது தடவை பெயர்க்கும்போது அவன் சத்தமில்லாமல் அழுதுகொண்டே கடப்பாரை போட்டதை நாகஜோதி பார்த்தாள், பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

ஆனால் நாகஜோதியின் கதை தரையும் இல்லை, இட்லியும் இல்லை. அவள் தன் மகளுக்குப் பயந்தாள். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளை பின்னால் வந்து நின்றால் முதுகு சில்லிட்டது, சோறு ஊட்டும்போது விரலை எவ்வளவு வேகமாக உருவலாம் என்று கணக்குப் போட்டது மனசு, அரிவாள்மனையைப் பரணில் போட்டுவிட்டுக் காய்களை அடுத்த வீட்டில் நறுக்கிக்கொண்டுவந்தாள். பகலில் லச்சி அமைதியாகக் கொட்டை அடுக்கும்போதுதான் பயம் இன்னும் அதிகம், அடுத்தது எப்போது என்று தெரியாது. சாய்கிற நேரத்தில் அவள் முகிலனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடுத்தூணில் கட்டியிருந்த கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் அப்படித் தூக்க நேரமில்லாமல் போனது, குழந்தை சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான், வீடு சாய்ந்தது, உத்தரத்திலிருந்து நேராகத் தொங்கவேண்டிய தொட்டில் சாய்வாக எழும்பி, அலறிக்கொண்டிருந்த அக்காவை நோக்கி நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது, முடிச்சு ஒவ்வொரு நூலாக நெகிழ்வதை நாகஜோதி தூணில் இருந்தபடியே பார்த்தாள். முடிச்சு தாங்கியது. அன்றைக்கு அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது, இவள் இல்லாமல் இருந்தால் என்று, வந்த மாத்திரத்தில் தன் வாயிலேயே அறைந்துகொண்டாள்.

மறுவாரம் கேஸ் சிலிண்டர் ஒன்று தெருவில் உருண்டது. அன்று மாலை சங்கம் கூடியது.

"தங்கச்சி, யாரும் உம்மேல கோவத்துல பேசலம்மா" என்றார் அழகுமலை. "ஆறு மாசம் பொறுத்தாச்சு, இன்னும் ஆறு வருசம்கூட பொறுப்போம். ஆனா இன்னைக்கு சிலிண்டர் உருண்டுச்சு. நாளைக்கு ஒரு கைப்பிள்ள உருண்டா? அடுத்த வீட்டுல இல்லம்மா, உன் வீட்டுலயே ஒண்ணு இருக்கு."

"மலையடிவாரத்துல இந்த மாதிரிப் பிள்ளைகள வச்சுப் பாக்குறாகளாம்" என்றாள் சடச்சியக்கா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மூணு மாசத்துக்கு ஒருக்கா போயிப் பாத்துக்கிறலாமாம். நாங்களும் வாரோம்டி உன்கூட."

நாகஜோதி வீரணனைப் பார்த்தாள். அவன் தன் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருசம் விட்டுப் பாப்போம் ஜோதி" என்றான். "மட்டம் சரியாயிட்டா கூட்டியாந்துருவோம்."

மறுத்துச் சொல்ல வாய் திறந்தால் அவளுக்குத் தொட்டில் முடிச்சுதான் கண்ணில் வந்தது. சரியென்று தலையாட்டினாள், ஆட்டிய தலையை அன்றிலிருந்து நிமிர்த்தவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மலையடிவாரத்து வேன் வந்து தெருமுனையில் நின்றது. நாகஜோதி மகளுக்கு நாலு கவுனும் ஒரு போர்வையும் எடுத்துவைத்தாள், கழுத்தில் உரசும் சீட்டுகளை எல்லாம் முந்தின நாளே பிரித்திருந்தாள், கடைசியாகப் புளியங்கொட்டை டப்பாவையும் எடுத்துப் பையில் வைத்தாள். அதுதான் தப்பாகிப்போனது. டப்பா இருக்கவேண்டிய மூலையில் டப்பா இல்லாததை லச்சி பார்த்தாள், பையைப் பார்த்தாள், வாசலில் கூடியிருந்த தெருவைப் பார்த்தாள், பிடிக்க வந்த அப்பாவின் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடி, நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அழகுமலை ஒரு விசில் அடித்தார். தெரு அதுவரை அப்படிச் சாய்ந்ததில்லை. கொக்கிகள் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன, பிரிமணையோடு குடங்கள் கிளம்பின, சடச்சியக்காவின் ஆட்டுக்கல் எழுந்து யோசித்துவிட்டுப் புரண்டது, முப்பத்திரண்டு வருஷம் எதையும் பிடிக்காத அழகுமலை முதல்முறையாக விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். நாகஜோதி முகிலனோடு வாசல் தூணில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தெருமுனையில் வேன் மெல்ல அசைந்தது. டிரைவர் பிரேக்கை மிதிப்பதும், கையால் இழுப்பதும், அவர் வாய் அசைவதும் கண்ணாடி வழியே தெரிந்தது, வேன் நிற்கவில்லை, டயர் தேய்ந்து புகைந்தபடி சரிவில் இறங்கியது, சரிவின் அடியில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா, பிள்ளைய யாராவது தூக்குங்க" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நாகஜோதிக்குத் தோன்றியது, இத்தனை மாதத்தில் இத்தனை சாய்விலும் யாருமே அங்கே இறங்கிப் போனதில்லை, பெற்றவளும் போனதில்லை.

பக்கத்துத் தூணில் இருந்த சடச்சியக்காவிடம் முகிலனை நீட்டினாள். "அக்கா, இவனப் பிடிங்க."

"ஏ நாகு, என்னடி பண்ற, கயித்த அவுக்காதடி!"

அவிழ்த்தாள். இரண்டு தடவை முடிச்சு வழுக்கியது, மூன்றாவது தடவை அவிழ்ந்தது. அப்புறம் அவள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. சறுக்கினாள், புரண்டாள், முழங்கால் சிராய்ந்தது, சரிவு அவளைக் கொண்டுபோய் மகளின் மேல் மோதி நிறுத்தியது. லச்சி அவள் தோளைக் கடித்தாள், பல் இறங்கியது, அவள் விலகவில்லை, விலகிப்போக அங்கே இடமும் இல்லை. அண்ணாந்து பார்த்தாள்.

மேலே இருந்து பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தெரு இரண்டு பக்கமும் சுவராக எழுந்து நின்றது, வீடுகள் எல்லாம் வாசலைத் திறந்துகொண்டு குனிந்து பார்த்தன, குடம், சைக்கிள், ஆட்டுக்கல், வேன், ஊரில் இருக்கிற சாமான் அத்தனையும் இந்த ஓரிடத்தைக் குறிவைத்து மேலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு சாவிக்கொத்து வந்து லச்சியின் நெற்றியில் பட்டது. மஞ்சள் பூசிய இடத்திலேயே பட்டது. மகளின் வாய் தோளை விட்டுவிட்டு அவள் முகத்துக்கு நேராக அலறிக்கொண்டிருந்தது, தூணில் இருந்து கேட்ட அதே சொல்தான், இழுகுது, இழுகுது, ஆனால் இத்தனை கிட்டத்தில் உதட்டையும் பார்க்க முடிந்தது, ஒவ்வொரு தடவையும் கீழுதடு எழும்பி மேல்பல்லைத் தொடப் பார்த்தது, தொட முடியாமல் விழுந்தது. தொண்டைக்குழி தெரிய அலறுகிற பிள்ளைக்கு உதடு எப்படிச் சேரும், உதடு பல்லில் சேராமல் 'வ' எப்படி வரும். விழுகுது என்றுதான் பிள்ளை அத்தனை மாதமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். விழுகுது, விழுகுது, எல்லாம் என் மேல விழுகுது. ஒரு எழுத்தைத் தின்றுவிட்டு, தெரு அவளுக்கு இழுப்பு என்று பெயர் வைத்து, இரும்பையும் எடுத்து எறிந்திருக்கிறது.

"ஆமாடி" என்றாள் நாகஜோதி. அழுகையில் அவளுக்கும் உதடு சேரவில்லை. "ஆமாடி தங்கம், விழுகுது. எம்மேலயும்தான் விழுகுது. அம்மாவுக்கும் பயமா இருக்குடி."

சொல்லிவிட்டு மகளைத் தன் அடியில் போட்டுக் கவிழ்ந்துகொண்டாள். முதுகில் குடம் விழுந்தது, செருப்பு விழுந்தது, ஆட்டுக்கல் ஒரு சாண் தள்ளிப் போய்ப் புதைந்தது. பல் மறுபடி தோளில் இறங்கியது. வேனின் சத்தம் தலைக்கு மேல் வந்தது, அதோடு வீரணன் கத்துகிற சத்தமும் வந்தது, அவன் தன் கம்பத்தை விட்டுவிட்டு ஒரு ஹாலோ பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் சறுக்கி வந்தான், முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான், கல் நொறுங்கியது, கூடவே உருண்டு வந்த இன்னொன்றைத் திணித்தான், அதுவும் நொறுங்கியது, மூன்றாவது கல்லோடு தன் தோளையும் சேர்த்துக் கொடுத்தான். வேன் நாகஜோதியின் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்கு வேர்த்து ஊற்றியது. "ஏம்மா" என்றார், "பிள்ளைய ஏத்தணுமா, வேணாமா?"

"வேணாம்ண்ணே" என்றாள் நாகஜோதி கவிழ்ந்து கிடந்தபடியே. "நீங்க போங்க."

தலையை நிமிர்த்திச் சொல்ல அவளால் முடியவில்லை, தலைமேல் லச்சியின் கை இருந்தது. அந்தக் கை அவள் அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தபோது அடிக்கத்தான் வருகிறது என்று நினைத்து அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், இன்னும் மூடித்தான் இருந்தாள், பயம் எங்கேயும் போய்விடவில்லை. கை அடிக்கவில்லை. ஐந்து விரலையும் விரித்து அம்மாவின் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டது. தெரு இன்னும் நிமிரவில்லை, மேலே எங்கிருந்தோ ஒரு பெரிய வெங்காயம் உருண்டு வந்து அந்தக் கைமேல் விழுந்தது, கை எடுபடவில்லை.